டெல்டாவில் கருப்புக் கொலம்பைன் பூக்குமா?

நீங்கள் கேட்டது இது. வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றை ஒட்டி. கொல்லையில் கிணற்றடி போக நாலைந்து சென்ட் சும்மா கிடக்கிறது. போன வைகாசியில் ஜெர்மனியில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, எதிர்வீட்டு வேலியோரம் கருப்பென்றே சொல்லும்படியான நிறத்தில், தலைகுனிந்து தொங்கும் கொலம்பைன் பூக்களைப் பார்த்தீர்கள். அதை நம் கொல்லையில் வளர்க்க வேண்டும். எந்த ரகம், எந்த மண், எந்த மாதம்?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரையில் நட்டால் கோடையைத் தாண்டாது. தொட்டியில் வைத்தால் இலை விடும், பூக்காது. ஃபிரிட்ஜ், ஏ.சி. என்று மெனக்கெட்டால் ஒரு தை மாதத்தில் நாலு பூவைப் பார்த்துவிடலாம். ஆனால் அந்தப் பூவும் நீங்கள் அங்கே பார்த்த கருப்பில் இருக்காது. முதல் இரண்டையும் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதை யாரும் சொல்வதில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நானும் இதற்கு ஆசைப்பட்டவள்தான். வீடு திருவையாற்றில், கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எட்டு வருஷத்துக்கு முன்னால் இணையத்தில் இரண்டு பாக்கெட் விதை வாங்கினேன். ஒன்றில் இருந்தது கொலம்பைனே இல்லை. ஏதோ சாமந்தி வகை முளைத்து மஞ்சளாகப் பூத்துச் சிரித்தது. இன்னொன்று உண்மையான விதை. எள்ளைவிடக் கொஞ்சம் சின்னது, கருகருவென்று எண்ணெய் தடவிய மாதிரிப் பளபளப்பு. ஈரமணலில் கலந்து ஒரு மாதம் ஃபிரிட்ஜில் வைத்து விதைத்ததில் பதினொன்று முளைத்தது. நாலு நாற்றை உதகையில் இருக்கும் நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டு ஏழை வைத்துக்கொண்டேன்.

மார்கழி, தை இரண்டு மாதமும் அழகாகத்தான் வளர்ந்தது. இலை பார்க்கக் கொத்தமல்லி இலையைப் பெரிதாக்கி, மேலே லேசாகச் சாம்பல் நீலம் பூசிய மாதிரி இருக்கும். வேலைக்கு வரும் அக்கா ஒருநாள் ரசத்துக்குக் கிள்ளவே போய்விட்டார். நல்லவேளை, பார்த்துவிட்டேன். இந்தச் செடி வாயில் வைக்கிற செடி இல்லை. விதையிலும் வேரிலும் நஞ்சு அதிகம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். பங்குனியில் இரண்டு செடி போயிற்று. சித்திரை பிறந்து பத்து நாளைக்குள் மிச்சம் ஐந்தும் குருத்தடியில் அழுகி, இழுத்தால் கையோடு வந்துவிட்டன. உதகைக்குப் போன நாலும் மறுவருஷம் சித்திரையில் பூத்தன. ஒரே பாக்கெட் விதை, ஒரே நாளில் விதைத்தது. நாத்தனாருக்குப் பெரிய கைராசி என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை, அதனால் காரணத்தைத் தேடினேன்.

செடியைப் பற்றி இரண்டு வார்த்தை. இதன் பேரினம் அக்குவிலீஜியா. நாட்டுமருந்துக் கடையில் வாங்குகிறோமே கருஞ்சீரகம், அதன் குடும்பம்தான் இதுவும். விதையைக் கையில் கொட்டிப் பார்த்தால் அந்த உறவு தெரியும். பூவில் ஐந்து புறவிதழும் ஐந்து அல்லியும், அதாவது உள்ளிதழும், உண்டு. ஒவ்வொரு அல்லியும் பின்பக்கமாக நீண்டு, நுனி வளைந்து, ஒரு குழாயாக முடியும். தேன் அந்தக் குழாயின் கடைக்கோடியில் இருக்கும். கழுகைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அக்குவிலீஜியா வந்தது என்பார்கள், அந்த வளைந்த நுனி கழுகின் நகம் மாதிரி இருப்பதால். கொலம்பைன் என்பது புறாவிலிருந்து வந்தது. பூவைத் தலைகீழாகத் திருப்பினால் ஐந்து புறா தலையைத் தலையோடு சேர்த்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

கருப்பு என்று விற்கப்படுவதில் நாலு பெயர் முக்கியம். பிளாக் பார்லோ அடுக்கு ரகம். அதற்குக் கழுகு நகம் கிடையாது, ஊசி ஊசியான இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும். அந்த வரிசைக்கே மூலமான நோரா பார்லோ ரகம் சார்லஸ் டார்வினின் பேத்தியின் பெயரைத் தாங்கியது. வில்லியம் கின்னஸ் என்பது கருஊதாப் புறவிதழ், வெள்ளை விளிம்பு வைத்த உள்ளிதழ். மைனா நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்ராட்டா ஆல்ப்ஸ் மலைப்பக்கத்துக் காட்டுச்செடி, ஒரே சீராகக் கருஞ்சிவப்பு கலந்த ஊதா. விரிடிஃப்ளோரா சைபீரியா, மங்கோலியா, வடசீனா பக்கம் வளர்வது; பச்சைப் புறவிதழுக்குள் சாக்லேட் நிறம், மணமும் உண்டு. நம் நாட்டிலேயே காஷ்மீர்ப் பக்கத்து இமயமலையில், 3,000 மீட்டருக்கு மேலே, நிவாலிஸ் என்ற இனம் இருக்கிறது. கருஊதா, நடுவில் கிட்டத்தட்டக் கருப்பு. ஆகவே இந்தியாவில் வளராத செடி என்று சொல்லவே மாட்டேன். காவிரிப் படுகையில் வளராத செடி என்றுதான் சொல்கிறேன்.

ஏன்? நெல்லை வைத்துச் சொன்னால் உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். பழைய நீண்டகாலச் சம்பா ரகங்களைக் கொஞ்சம் முன்னால் விதைத்தாலும் பின்னால் விதைத்தாலும் பகல் குறுகிய பிறகுதான் கதிர் தள்ளும். குறுவை ரகத்துக்கு அந்தக் கணக்கு இல்லை, நாள் ஆனால் கதிர் வந்துவிடும். சம்பா பகலை எண்ணுகிறது; கொலம்பைன் குளிரை எண்ணுகிறது. பத்துப் பன்னிரண்டு இலை விட்டு வளர்ந்த செடி, 4 முதல் 7 டிகிரி அளவில் எட்டுப் பத்து வாரம் தொடர்ந்து இருந்தால்தான் அதன் குருத்துக்குள் பூமொட்டு உருவாகும். வளராத சின்ன நாற்றுக்கு எவ்வளவு குளிர் கொடுத்தாலும் கணக்கில் சேராது. முட்டைக்கோஸிலும் இதே கதைதான்: சமவெளியில் போட்டால் முட்டை கட்டும், பூவும் விதையும் வராது, விதைக்கு இமாச்சல், காஷ்மீர்ப் பக்கம் போக வேண்டியிருக்கிறது.

நம் ஊரில் தை மாத விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். மார்கழிப் பனியில் கோலம் போடும்போது நாம் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். கொலம்பைனுக்கு அது கோடை இரவு. உதகையில் அதே மாதத்தில் 5, 6 டிகிரிக்கு இறங்கும், பள்ளமான இடத்தில் உறைபனியும் விழும். நாத்தனாரின் கைராசி அவ்வளவுதான்.

குளிர் கிடைக்காவிட்டால் பூ போகட்டும், செடியாவது நிற்குமா என்றால் அதுவும் நிற்காது. பகல் 37, 38 என்று ஏறுவதைவிட இரவு 26, 27-க்குக் கீழே இறங்காததுதான் இந்த மாதிரிக் குளிர்நாட்டுச் செடிகளைக் கொல்கிறது. பகலில் இலை சமைத்ததை இரவில் செடி மூச்சுவிட்டே தீர்த்துவிடும். வேருக்குச் சேமிப்பு இல்லை. அந்த நேரத்தில் நாம் பரிதாபப்பட்டு இன்னொரு குவளைத் தண்ணீர் ஊற்றுவோம். சூடான ஈரத்தில் குருத்தடி அழுகும். என் ஐந்து செடியும் போனது அப்படித்தான், வெயிலால் இல்லை, என் பரிதாபத்தால்.

இப்போது அந்த மூன்றாவது விஷயம், நிறம்.

பூவில் உண்மையான கருப்பு என்று ஒன்று கிடையாது. கரிக்கு இருக்கிற கருப்பை எந்தப் பூவும் செய்வதில்லை. அந்தோசயனின் என்ற நிறமி, நாவற்பழத்திலும் கத்தரிக்காய்த் தோலிலும் இருக்கிறதே, அதுதான் இதழின் செல்லுக்குள் மிக நெருக்கமாகச் சேர்ந்துவிட்டால் வெளிச்சத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். நம் கண் அதைக் கருப்பு என்று வாசிக்கிறது. பிளாக் பார்லோவின் ஓர் இதழைப் பிய்த்துச் சூரியனுக்கு நேரே பிடித்தால் கருநாவல் நிறம் தெரியும். அந்த நிறமி நிறையச் சேர்வதற்குக் குளிர்ந்த இரவு வேண்டும். வெப்பம் கூடக்கூட அது உருவாவதும் குறையும், உருவானதும் சிதையும்.

நம்ப வேண்டாம், உங்கள் வீட்டிலேயே பாருங்கள். கருஞ்சிவப்பு ஒட்டு ரோஜா ஒன்று இருந்தால் தையில் பூப்பது வெல்வெட் மாதிரி, இதழ் விளிம்பெல்லாம் கருத்து நிற்கும். அதே செடியில் வைகாசியில் பூப்பதைப் பாருங்கள். சின்னதாக, வெளுத்து, ரெண்டு நாளில் சாயம் போன துணி மாதிரி ஆகிவிடும். ஜெர்மனியில் கொலம்பைன் பூக்கும் வைகாசி இரவுகள் நம் தை இரவைவிடக் குளிர்ச்சியானவை. ஆகவே எத்தனை பாடுபட்டு இங்கே பூக்க வைத்தாலும் கிடைப்பது ஒரு சுமாரான ஊதா. அதைப் பார்க்கவா இவ்வளவு பாடு?

மண்ணைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் பக்கத்து வண்டல் களி நெல்லுக்குச் சொர்க்கம், கொலம்பைனுக்குச் சேறு. அதற்கு இலைமட்கு நிறைந்த, தண்ணீர் நிற்காத, லேசாகப் புளிப்புத்தன்மை உள்ள மண் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் கொல்லையில் மண்வெட்டியைக் குத்தி எடுத்தால் ‘பளக்’ என்று சத்தம் வருமே, அந்த மண்ணில் இதன் ஆழமான வேர் ஒரு வாரம் தாங்காது. வல்லம் பக்கத்துச் செம்மண்ணில் வடிகால் பரவாயில்லை, ஆனால் வெப்பம் அதே வெப்பம்தானே.

சரி, இத்தனை சொன்ன பிறகும் ஒருமுறையாவது செய்து பார்த்தே தீருவேன் என்றால் தடுக்க மாட்டேன். நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். பங்குனியில் விதையை ஈரமணலோடு ஜிப் கவரில் போட்டு ஒரு மாதம் ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைப்பேன், ஃப்ரீசரில் இல்லை. அப்புறம் கோகோபீட்டும் பெர்லைட்டும் மண்புழு உரமும் கலந்த குழித்தட்டில், விதைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் மேலே மண் மூடாமல் தூவி, ஏ.சி. ஓடும் அறையில் ஜன்னலோரம் வைத்து, போதாததற்கு எல்.இ.டி. விளக்கும் போடுவேன். முளைக்க மூன்று நாலு வாரம் ஆகும், பொறுமை வேண்டும். வேர் கலைந்தால் கோபித்துக்கொள்கிற செடி, அதனால் சின்ன நாற்றிலேயே ஆழமான தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும். ஆவணி வரை அதே அறை. பன்னிரண்டு இலை வந்ததும் தொட்டியோடு தூக்கி ஃபிரிட்ஜில் பத்து வாரம். மண் காயாமல், ஈரம் சொட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் வாழைப்பழம், தக்காளி எதையும் வைக்கக்கூடாது, அவை விடும் எத்திலீன் வாயு செடியைக் கெடுத்துவிடும். கார்த்திகையில் வெளியே எடுத்து, வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் மழை படாமல் வைத்தால் தையில் பூக்க வாய்ப்பு உண்டு. சித்திரை முதல் ஆவணி வரை ஒரு செடிக்காக ஏ.சி. ஓட்டிய கரண்ட் பில்லை வீட்டில் யார் கையிலும் படாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. ஃபிரிட்ஜில் பத்து வாரம் ஒரு தொட்டி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதை எப்படிச் சமாளிப்பது என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை.

இதைவிடச் சுலபமான வழி, உதகை, கொடைக்கானல் பக்கம் போகும்போது, கிடைத்தால், அங்கே குளிரைத் தாண்டிய வளர்ந்த செடியை மாசியில் வாங்கி வருவது. பங்குனிக்குள் பூத்துவிடும். ஆனால் அதைச் செடி என்று நினைக்காதீர்கள். வேரோடு வாங்கி வந்த பூங்கொத்து என்று நினைத்துக்கொண்டால் சித்திரையில் மனசு வலிக்காது.

விதை வாங்குவதில் எச்சரிக்கை. இணையத்தில் ‘கருப்பு’ என்று போட்டு விற்கிற படங்களில் பாதி கணினியில் நிறம் ஏற்றியவை. நீல ஸ்ட்ராபெரி விற்கிற அதே கடையில் கருப்புக் கொலம்பைனும் இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள். மகளிடம் விதையை உறையில் போட்டு அனுப்பச் சொல்வதும் வேண்டாம். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி வெளிநாட்டு விதைக்கு இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். கொலம்பைனுக்கே உரிய அடிச்சாம்பல் நோய் ஒன்று 2013-ல் பிரிட்டனில் கண்டுபிடிக்கப்பட்டு, பல வருஷம் சேர்த்த செடிகளைத் தோட்டக்காரர்கள் இழந்திருக்கிறார்கள்.

மகளுக்கு ஆசை இருந்தால் அவர் அங்கே வளர்க்கட்டும். அவருக்குச் சொல்ல இரண்டு மூன்று விஷயம் இருக்கிறது. பாதி நிழலில், இலைமட்கு போட்ட இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இளஞ்சிவப்பும் நீலமுமாக வேறு கொலம்பைன் இருந்தால் தேனீ எல்லாவற்றையும் கலந்துவிடும். கீழே விழுந்து முளைக்கிற அடுத்த தலைமுறை கருப்பாக வரும் என்ற உத்தரவாதம் போய்விடும். தாய்ச்செடிக்கு மூன்று நாலு வருஷம்தான் ஆயுள் என்பதால் இது முக்கியம். இலையில் வெள்ளையாகப் பாம்பு ஊர்ந்த மாதிரிக் கோடு விழுந்தால் அது இலைதுளைப்பான். செடியைக் கொல்லாது, பூத்து முடிந்ததும் இலையை அடியோடு அறுத்துவிட்டால் புது இலை வரும். அப்புறம், கருப்புப் பூவை இருட்டு மூலையில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. பின்னால் வெளிர்நிறச் செடியோ சுவரோ வேண்டும், அல்லது காலை வெயில் பூவுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் உங்கள் கொல்லைக்கும் பொருந்தும். ஏனென்றால் நீங்கள் மயங்கியது கொலம்பைனில் இல்லை, அந்தக் கருமையில் என்றுதான் உங்கள் கேள்வியைப் படித்தபோது தோன்றியது. கேள்வியில் மூன்று இடத்தில் நிறத்தைச் சொல்லியிருக்கிறீர்கள், பூவின் வடிவத்தை ஒரே ஒரு இடத்தில். கருமைதான் வேண்டுமென்றால் நம் வெயிலிலேயே அதைச் செய்கிற செடிகள் இருக்கின்றன. தமிழில் கருமை என்ற சொல்லே ஆழ்ந்த நீலத்தையும் சேர்த்துக்கொள்வது. குவளையைக் கருங்குவளை என்றோம். நீலச் சங்குப்பூவைக் கருவிளை என்றோம், வெள்ளையைச் செருவிளை என்றோம். கருப்பான திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்கிறோம். அந்தக் காயாம்பூவோ கண்ணைப் பறிக்கும் நீலம்.

முதலில் கருவிளையையே போடுங்கள். ஒற்றை இதழ் வேண்டாம், அடுக்குச் சங்கு. அதிலும் கருநீலமாகப் பூக்கிற செடியைப் பார்த்துவைத்து அதிலிருந்து விதை எடுங்கள், ஏனென்றால் அடுக்கிலும் வெளிர்நீலம் உண்டு. விதைத்தோல் கெட்டி, ஒரு பக்கம் லேசாக உரசி, இரவு முழுக்க வெந்நீர் ஆறிய தண்ணீரில் ஊறவைத்தால் ஒரு வாரத்தில் முளைக்கும். அவரைக் குடும்பம் என்பதால் உரம் கேட்டு உயிரை வாங்காது, தழைச்சத்து அதிகம் போட்டால்தான் வெறும் இலையாகப் போகும். ஆடியில் போட்டால் மழைக்கு முன்பே பந்தல் ஏறிவிடும். அடைமழையில் வேரில் தண்ணீர் நிற்காத மாதிரி ஒரு மேட்டில் நடுங்கள், அது போதும். இதன் நீலமும் அந்தோசயனின் வகைதான். பூவை வெந்நீரில் போட்டு எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும். என் மாணவர்களுக்கு நிறமிப் பாடம் எடுத்ததே அப்படித்தான். ஆனால் வெப்ப நாட்டிலேயே பிறந்து வளர்ந்த செடி, சித்திரை வெயிலிலும் நிறத்தை விட்டுக்கொடுக்காது. அந்தி நேரத்தில் வெள்ளைச் சுவருக்கு முன்னால் அடுக்குச் சங்கைப் பாருங்கள், நீலம் போய்க் கருப்புதான் மிஞ்சும்.

அடுத்தது கருஊமத்தை. சாலையோரத்து வெள்ளை ஊமத்தையைச் சொல்லவில்லை. தண்டெல்லாம் கருஊதாவாகப் பளபளத்து, பூ இரண்டு மூன்று அடுக்காக ஒன்றுக்குள் ஒன்று செருகிய புனல் மாதிரி, வெளியே கருஊதா, உள்ளே வெள்ளையாக விரியும் அடுக்கு ஊமத்தை. சில சிவன் கோயில் நந்தவனங்களில் பார்த்திருப்பீர்கள். வில்லியம் கின்னஸின் கருப்பு வெள்ளைச் சேர்க்கை வேண்டுமென்றால் அதற்கு மிக அருகில் வருவது என் கணக்கில் இதுதான். ஆனால் செடி முழுக்க விஷம், விதை கொடிய விஷம். தவழ்கிற பிள்ளையோ ஆடுமாடோ உள்ள வீட்டில் வைக்கவே வேண்டாம். பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வருவார்கள் என்று எழுதியிருந்தீர்கள், ஆகவே உங்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய எனக்கே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது.

விசித்திரமாகவும் இருக்க வேண்டும், கருப்பாகவும் இருக்க வேண்டும் என்றால் வௌவால் பூ. டாக்கா சாண்ட்ரியரி என்று நர்சரிகளில் கேளுங்கள். தென்கிழக்கு ஆசியக் காட்டுக்குள் மரநிழலில் வளர்வது. பூவைச் சுற்றி இரண்டு பெரிய கருஊதா மடல்கள், அவற்றிலிருந்து ஒரு முழ நீளத்துக்குப் பூனைமீசை மாதிரித் தொங்கும் இழைகள். முதலில் பார்க்கிறவர்கள் ஒரு அடி பின்னால் போவார்கள். இதற்குக் குளிர் வேண்டாம், வெப்பம் பிரச்சினை இல்லை. காற்றில் ஈரமும் நல்ல நிழலும் வேண்டும். உங்கள் கிணற்றடியில் வாழைக் கொத்துக்குப் பின்னால் அந்த இடம் தயாராக இருக்கிறது. தரையில் வைக்காமல் அகலமான தொட்டியில், தென்னைநார்த் துண்டும் மட்கிய இலையும் கரித்துண்டும் கலந்த கலவையில் வையுங்கள். இதன் எதிரி ஆடிக்காற்று. மேற்கிலிருந்து வருகிற அந்த வறண்ட காற்று பட்டால் இலை விளிம்பு ஒரே நாளில் கருகிவிடும். மேற்குப் பக்கம் சாக்கோ நிழல்வலையோ கட்டிவிடுங்கள். விலை கொஞ்சம் அதிகம், ஒரு செடி வாங்கினால் போதும், கிழங்கைப் பிரித்துப் பெருக்கிக்கொள்ளலாம்.

காயாவைச் சொல்லாமல் விட மனசில்லை. கோடியக்கரைக் காட்டில் இயல்பாக வளர்கிற சிறுமரம். வருஷத்தில் பெரும்பகுதி நாள் பளபளப்பான இலையோடு சும்மா நிற்கும். பூக்கிற பருவத்தில் கிளைகளைச் சுற்றிச் சுற்றிக் கருநீலப் பஞ்சு ஒட்டிவைத்த மாதிரிப் பூத்துத் தள்ளும். பழுத்த விதையை உடனே போட வேண்டும், காய்ந்தால் முளைப்பு போய்விடும். நாட்டு மரக்கன்று வளர்ப்பவர்களிடம் கன்றாகவே வாங்குவது நல்லது. மெதுவாகத்தான் வளரும், நீங்கள் நட்டு உங்கள் பேத்தி பார்க்கிற வேகம். ஆனால் கொல்லையில் ஒரு மூலையில் இது நின்றால் அந்த ஒரு பருவத்துக்கு வேறெதுவும் தேவைப்படாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருநிறப் பெட்டூனியாவை மழை விட்டதும் தொட்டியில் வைத்தால் மாசி வரை ஓடும். பங்குனியில் பிடுங்கிப் போட்டுவிடலாம். கருஞ்சிவப்பு அடினியம் வெயிலுக்கு அஞ்சாது, ஐப்பசி மழையில் மட்டும் கூரைக்குள் தூக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிழங்கு கூழாகிவிடும். டிசம்பர் பூவில் அடர் ஊதா ரகம் உங்கள் பாட்டி காலத்திலிருந்தே அந்த மண்ணில் இருக்கிறது, சம்பா மாதிரி அதுவும் பகல் குறுகுவதைப் பார்த்துத்தான் பூக்கும். கருந்துளசியும் கருநொச்சியும் பூவுக்காக இல்லை, பின்னணிக்கு.

உங்கள் இடத்துக்கு என் யோசனை: கிழக்கு வேலியில் அடுக்குச் சங்கு, அப்போது காலை வெயில் பூவுக்குப் பின்னாலிருந்து வரும், சமையலறை ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். கிணற்றடியில் வௌவால் பூ. தென்மேற்கு மூலையில் காயா. இந்த ஆடிக்கே தொடங்கிவிடலாம்.

அப்புறம் ஒன்று. நீங்கள் பார்த்தது எந்தக் கொலம்பைன் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. அடுத்த வைகாசியில் மகளை எதிர்வீட்டு வேலிக்கு அனுப்பி இரண்டு படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று பூவின் பக்கவாட்டில், பின்னால் வளைந்த நகம் இருக்கிறதா இல்லையா என்று தெரிகிற மாதிரி. இன்னொன்று சூரியன் பூவுக்குப் பின்னால் இருக்கும்போது. நகம் இல்லாமல் அடுக்காக இருந்தால் பிளாக் பார்லோ. நகம் இருந்து, வெயிலில் கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் அட்ராட்டாவாக இருக்கலாம். உள்ளே வெள்ளை விளிம்பு இருந்திருந்தால் அதைக் கேள்வியிலேயே எழுதியிருப்பீர்கள்.